டேங்கில் பெட்ரோல் இருக்கு, இன்ஜினுக்கு வரலை

2022 மார்ச் 20, பஹ்ரைன் கிராண்ட் பிரீ. மொத்தம் 57 சுற்று. முடிய சில சுற்றுகளே பாக்கி இருக்கும்போது ரெட் புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இரண்டாவது இடத்தில், செர்ஜியோ பெரெஸ் நான்காவது இடத்தில். 54-ஆவது சுற்றில் வெர்ஸ்டாப்பனின் கார் சக்தி இழந்தது. எப்படியோ பிட் வரை கொண்டுவந்து இறங்கிவிட்டார். கடைசிச் சுற்றின் முதல் வளைவில் பெரெஸின் இன்ஜினும் நின்றது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, கார் சுழன்று நின்றது. அதே இடங்களில் முடித்திருந்தால் 18-ம் 12-ம் சேர்த்து 30 புள்ளிகள். கிடைத்தது பூஜ்யம்.

இரண்டு காரிலும் பெட்ரோல் தீரவில்லை. எரிபொருள் அமைப்பில் ஒரு வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இன்ஜினுக்குப் போகாமல் தடுத்தது என்று அணி பிறகு விளக்கியது. டேங்கில் சரக்கு இருக்கும்போதே இன்ஜின் எப்படிப் பட்டினி கிடக்கும்? இதைப் புரிந்துகொள்ள எழுதிவைத்த குறிப்புதான் இது.

முதலில், பிரஷர் ஏன் முக்கியம்? இன்ஜெக்டர் என்பது சில மில்லி விநாடி மட்டும் திறந்து மூடும் ஒரு குட்டிக் குழாய். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கணினி கணக்குப் போடும்போது, பின்னால் இவ்வளவு பிரஷர் இருக்கிறது என்று நம்பித்தான் போடுகிறது. பாயும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் பிரஷர் கால்பங்கு குறைந்தால், பெட்ரோல் ஏறக்குறைய 13 சதவீதம் குறையும். முழு வேகத்தில் ஓடும் இன்ஜினுக்கு இது சின்ன விஷயம் இல்லை. காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. சூடு ஏறும், கலவை நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் உருகவும் கூடும்.

இதனால்தான் 'பிரஷர் குறையுது' என்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறி மட்டும்தான் என்கிறேன். எப்போது குறைகிறது என்று கேட்டால்தான் இடம் பிடிபடும்.

வளைவிலோ பிரேக் அடிக்கும்போதோ மட்டும் விழுந்து, நேர்பாதையில் திரும்பி வருகிறதா? டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, உறிஞ்சும் வாய் காற்றை இழுக்கிறது.

நீண்ட நேர்பாதையில், வேகம் ஏற ஏற மெல்ல இறங்குகிறதா? தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப், இல்லையென்றால் பம்புக்குப் போகும் ஒயரில் வோல்டேஜ் குறைவு.

முதல் சுற்றுகளில் சரியாக இருந்து, சூடான பிறகு தொல்லையா? குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிறது என்று சந்தேகப்படலாம்.

ஓட ஓடக் குறைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், எல்லாம் சரியாகிவிடுகிறதா? டேங்குக்கு மூச்சுவிடும் வழி அடைத்திருக்கிறது. குடித்த பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வரவில்லை.

இதில் பலர் தவறவிடுவது உறிஞ்சும் பக்கத்தை. பம்ப் தள்ளுவதில் சூரன், இழுப்பதில் நோஞ்சான். 2022-இல் ஃபார்முலா 1 விதி அனுமதித்த இன்ஜெக்ஷன் பிரஷர் 500 பார் வரை. ஆனால் இழுக்கும் பக்கத்தில் எந்தப் பம்புக்கும் கிடைப்பது அதிகபட்சம் 1 பார், அதுவும் வளிமண்டலம் போடும் பிச்சை. கிணற்று மோட்டாரைத் தண்ணீருக்குப் பக்கமாக இறக்கி வைப்பதும் இதற்காகத்தானே? மேலே இருந்து பத்து மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்ச முடியாது.

பெட்ரோலுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அதன் லேசான பகுதிகள் 35-40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் அதற்கும் முன்னாலேயே குமிழி விடும். பம்புக்குள் பெட்ரோலுக்குப் பதில் ஆவி போகும். மோட்டார் சுற்றும், பிரஷர் வராது. அன்றைய விதிப்படி ஃபார்முலா 1 கார் மணிக்கு 100 கிலோ வரை எரிக்கலாம். அதாவது நிமிடத்துக்கு 1.6 கிலோவுக்கு மேல். பந்தயக் கடைசியில், அடிமட்டத்தில் கிடக்கும் கொஞ்சப் பெட்ரோலிலிருந்து இதே வேகத்தில் எடுக்க வேண்டும். அமைப்புக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

பட்டறையில் நிறுத்தி, ஐடிலில் கேஜ் பார்த்து 'எல்லாம் ஓகே' என்று சொல்வது இதனால்தான் எடுபடாது. ஐடிலில் தேவைப்படுவது சொட்டுச் சொட்டாகத்தான். பாதி அடைத்த ஃபில்டரும் அங்கே பாஸ் ஆகிவிடும். வேலை செய்யும் பிரஷரில் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பம்பின் முனையிலேயே வோல்டேஜ் பார்க்க வேண்டும், பேட்டரியில் அல்ல. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சென்சார், முடிந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஒன்று. மூன்றையும் வேகம், வளைவு விசை, வெப்பநிலை கோடுகளோடு ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எது முதலில் விழுந்தது என்று தெரியும். முதலில் விழுந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

பஹ்ரைனுக்கு மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 10-இல் மெல்போர்னில், இரண்டாவது இடத்தில் ஓடிய வெர்ஸ்டாப்பன் மறுபடியும் பாதியில் நின்றார். மறுபடியும் எரிபொருள்தான் காரணம். ஆனால் இந்த முறை வெற்றிடம் இல்லை, கசிவு. அதே கார், அதே ஓட்டுநர், வேறு நோய். பஹ்ரைனில் போட்ட மருந்து அங்கே உதவியிருக்காது.