டிஸ்பென்சரி பூட்டிய பிறகு

பகலில் வருத்தம் வந்தால் வழி தெரியும். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து வரிசையில் நிற்கலாம்; பின்னேரம் டொக்டரின் டிஸ்பென்சரிக்குப் போகலாம். அந்தக் கதவும் பூட்டிய பிறகு அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தால், பிள்ளைக்கு வலிப்பு வந்தால் யாரிடம் ஓடுவது?

திருக்கேதீஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் பெருநிலத்தில் இருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலையோ கடலுக்கு அப்பால், தீவிலுள்ள மன்னார் நகரில். தள்ளாடியிலிருந்து தாம்போதியைக் கடந்து போகவேண்டும். 2010இல் புதிய பாலம் திறந்தபின் பாதை நல்ல பாதைதான்; தூரமும் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். ஆனால் நள்ளிரவில் பஸ் இல்லை. வாகனம் இல்லாத வீட்டுக்குப் பத்துக் கிலோமீற்றரும் பெருந்தூரம். அடம்பனிலும் முருங்கனிலும் அரச வைத்தியசாலைகள் உண்டு. என்றாலும் சத்திரசிகிச்சையோ விசேட வைத்தியரோ தேவைப்படும் நோயாளியை அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவார்கள்.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். வெளிநோயாளர் பிரிவு மூடினாலும் பெரிய வைத்தியசாலை மூடுவதில்லை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணிநேரமும் இயங்கும். காசும் கேட்கமாட்டார்கள், டொக்டரின் கடிதமும் கேட்கமாட்டார்கள்.

1990ஐ அழைக்கும்போது

இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை. 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கும் வந்தது. 1990 என்று அழுத்தினால் போதும். சேவை முற்றிலும் இலவசம். தமிழிலேயே பேசலாம். வண்டியில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் வருவார். ஒட்சிசன் கொடுப்பது முதலான சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடும்.

அழைப்பை எடுப்பவர் ராஜகிரியவில் இருக்கிறார். உங்கள் ஒழுங்கை அவருக்குத் தெரியாது. எனவே மாவட்டம், ஊர், அருகிலுள்ள கோயிலோ பாடசாலையோ, நோயாளியின் வயது, என்ன செய்கிறது என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். வண்டி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரமாகும் என்றும் கேளுங்கள். ஒருவர் ரோச் லைற்றோடு சந்தியில் நிற்கட்டும். கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள், அடையாள அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டுவிடுங்கள்.

விடியட்டும் என்று இருக்கக்கூடாதவை

நெஞ்சை அழுத்தும் வலி, அதோடு வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் நோவு. இதை ‘காஸ்’ என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்தவர்கள் எத்தனை பேர்! வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணிநேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அதனால் அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வயலும் குளமும் சூழ்ந்த இந்த மாந்தைப் பகுதியில் பாம்புக்கடியும் இரவின் ஆபத்து. நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரைக் கட்டுவிரியன் தீண்டினால் பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்று நோவோடு எழும்பி, பிறகு இமை சொருகினால் சந்தேகிக்க வேண்டும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. விஷகடி வைத்தியரிடம் முதலில் போய்வரும் ஒரு மணிநேரம் ஓர் உயிரின் விலையாகிவிடலாம்.

மாரியில் டெங்கு. காய்ச்சல் இறங்கியதும் ‘சுகம் வந்துவிட்டது’ என்று தாய்மார் ஆறுதலடையும் நேரம்தான் ஆபத்துத் தொடங்கும் நேரம். விடாத வாந்தி, வயிற்று நோவு, குளிர்ந்த கைகால், இரத்தக் கசிவு, சலம் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் புறப்படுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே. டிஸ்பிரினும் புருஃபனும் கூடாது. கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலையிடி, வலிப்பு, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல் எதுவானாலும் அவசரம்தான்.

சளி, இலேசான காய்ச்சல், பழைய மூட்டு நோவு என்றால் விடியும்வரை பொறுக்கலாம். அதற்காகப் போன மாதம் மிஞ்சிய அன்ரிபயோற்றிக்கை எடுத்து விழுங்க வேண்டாம். உயிர் வேண்டாம் என்ற எண்ணம் ஒருவரை வாட்டும் இரவுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது: தேசிய மனநல உதவிச் சேவை, 1926.

ஊர் செய்யவேண்டியது, அரசு செய்யவேண்டியது

சிவராத்திரிக்கு ஆயிரக்கணக்கானோர் திருக்கேதீஸ்வரக் கோயிலின் தீர்த்தமான பாலாவிக் கரையில் கூடும்போது முதலுதவிக்கும் அம்புலன்ஸுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு நடக்கிறது. அந்த முன்னேற்பாடு வருடத்தின் மற்ற இரவுகளுக்கும் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு மாலை கூடினால் போதும்: இரவில் வரச் சம்மதிக்கும் ஓட்டோக்காரர்கள், முதலுதவி தெரிந்தவர்கள், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரின் இலக்கங்களை எழுதி வீடுவீடாகக் கொடுத்துவிடலாம். தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு முதலில் கொடுங்கள்.

ஆனால் இது ஊரின் பொறுப்போடு முடியக்கூடாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் டொக்டர்மார் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்த வெற்றிடத்தின் சுமை முதலில் விழுவது இப்படியான கரையோர ஊர்கள்மீதுதான். கிராமத்துக்கு அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இரவிலும் ஒரு டொக்டர் இருக்கவேண்டும் என்று கேட்பது சலுகையல்ல. இலவச மருத்துவம் என்று பெருமை கொள்ளும் நாட்டில் அது பகலுக்கு மட்டும் உரியதாக இருக்கமுடியாது.