மாட்டுப் பேரம் முடிந்தது, இனி நாவல்!

1857 டிசம்பர். மான்செஸ்டர் நகரத்தின் பிளிமத் குரோவ். காலை ஆகாரம் முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் அந்த வீட்டு அம்மாள் தீர்த்துவைத்த பஞ்சாயத்துகளைக் கேளுங்கள்! மாட்டிறைச்சி எவ்வளவு நேரம் வேக வேண்டும்? ஆலைப் புகையைத் தாங்கிக்கொண்டு எந்தச் செடி பூக்கும்? கவுனின் நீளம் எவ்வளவு? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைக்கு என்ன சம்பளம், எப்போது ஓய்வு? வெளியே கிளம்பும் மகள்கள் அழகாகவும் தெரிய வேண்டும், உடுப்பில் சேறும் படக்கூடாது, எதை உடுத்துவது? நடுவில், இந்தியாவில் ராணுவம் இருக்கும் நிலை பற்றி அக்கம்பக்கத்தார் ஒருவர் தந்த கடிதங்களைப் படித்து, நாலு நல்ல வார்த்தையோடு திருப்பி அனுப்பியாயிற்று. கதை எழுதிக்கொண்டு வந்த பெண்மணிக்கு, மனம் சோர்ந்தாலும் உதவக்கூடிய யோசனை சொல்லியாயிற்று. கடைசியாக இரண்டு சோனி மாடுகளைக் கொடுத்து ஒரு நல்ல பசு வாங்கும் பேரம். மணி இன்னும் பத்தரைகூட ஆகவில்லை!

இதையெல்லாம் அமெரிக்க நண்பர் சார்ல்ஸ் எலியட் நார்ட்டனுக்கு ஒரே மூச்சில் எழுதித் தள்ளியவர் எலிசபெத் காஸ்கெல். ‘மேரி பார்ட்டன்’, ‘கிரான்ஃபோர்ட்’, ‘நார்த் அண்ட் சவுத்’ நாவல்களின் ஆசிரியர். உங்களுடையதைப் போல் தொந்தரவில்லாத நூலகம் எனக்கு இருந்தால் எப்படியெல்லாம் எழுதுவேன் என்று அதே கடிதத்தில் ஏங்குகிறார். அந்த ஏக்கம் நியாயம்தான். ஆனாலும் அந்த நூலகம் அவருக்குக் கிடைக்காமல் போனதில் எனக்குச் சந்தோஷம். அவருடைய நாவல்களுக்கு வேண்டிய சரக்கு முழுக்க அந்த வீட்டுக் கதவுகள் வழியாகத்தான் வந்தது. ராணுவக் கடிதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் மெட்டாவுக்கு அந்த ஆண்டுதான் நம் மதராஸ் எஞ்சினியர்ஸ் படையின் கேப்டன் ஒருவரோடு நிச்சயமாகியிருந்தது. இந்தியாவில் கலகம் நடக்கிறது. அம்மாவுக்கு அது வெறும் செய்தியாகவா இருந்திருக்கும்? மறு ஆண்டே அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது.

வாருங்கள், வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். இன்று அதன் எண் 84. 1850இல் காஸ்கெல் குடும்பம் ஆண்டுக்கு 150 பவுண்ட் வாடகையில் குடியேறிய வீடு. 2014 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. கணவர் வில்லியம், கிராஸ் தெரு யூனிடேரியன் தேவாலயத்தின் போதகர். அவருக்குத் தனிப் படிப்பறை உண்டு. அம்மாவுக்கு? சாப்பாட்டு அறை மேசைதான்! சமையல்காரி, மகள்கள், விருந்தாளி என்று எல்லோரும் வந்துபோகும் இடத்தில் உட்கார்ந்து அத்தியாயம் எழுதினார். வெளியே கோழி, பன்றி, பசு. உள்ளே மெட்டாவுக்குப் பியானோ சொல்லித்தர வந்தவர் யார் தெரியுமா? பின்னால் புகழ்பெற்ற ஹாலே இசைக்குழுவைத் தொடங்கிய சார்ல்ஸ் ஹாலே!

இப்போது வரவேற்பறைத் திரைச்சீலைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஜேன் அயர்’ எழுதி இங்கிலாந்தையே கிறங்கவைத்த சார்லட் பிராண்டி இந்த வீட்டுக்கு மூன்று முறை வந்திருக்கிறார். ஒருமுறை முன்பின் தெரியாத விருந்தாளி வர, கூச்சம் தாங்காமல் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பிராண்டி இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதப்போகிறவரே அதே கூரைக்கடியில்! 1857இல் வந்த அந்த நூல் வழக்கு மிரட்டலைக் கிளப்பியது. பகிரங்கமாக மறுப்பு வெளியிட்டுப் பல பக்கங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் பிராண்டியைத் தேடிப் போகிற எவரும் இன்றுவரை அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

அந்தச் சாப்பாட்டு அறை மேசைக்கு காஸ்கெல் வந்துசேர்ந்த வழி துயரமானது. 1845இல் பத்து மாதக் கைக்குழந்தை வில்லி செங்காய்ச்சலில் இறந்தான். துக்கத்திலிருந்து மனைவியை மீட்க, எழுது என்று சொன்னவர் கணவர். முதலில் பத்திரிகைக் கதைகள், அதுவும் ஓர் ஆண் பெயரில்: காட்டன் மேதர் மில்ஸ்! பருத்தி நகரத்துக்காரி சூட்டிக்கொண்ட பெயரில் பருத்தியும் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது, என்ன குறும்பு! 1848இல் ‘மேரி பார்ட்டன்’ ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. பதிப்புரிமைக்கு 100 பவுண்ட். பசித்த தொழிலாளியின் பக்கம் நின்று எழுதியதால் ஆலை முதலாளிகள் கொதித்தார்கள். 1853இல், மணமாகாமல் தாயான பெண்ணின் கதையான ‘ரூத்’ வந்தபோது கணவருடைய தேவாலயத்து ஆட்கள் சிலரே அதை எரித்தார்கள். அப்படியும் அடுத்த நாவலை எழுதத்தான் செய்தார்.

நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸோடு நடந்த கதை இன்னும் சுவாரசியம். தன் வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே, 1850இல், காஸ்கெல் கதையைப் போட்டார். அரபுக் கதைகளின் கதைசொல்லி பெயரால், செல்லமாக ஷெஹ்ரஸாத் என்று அழைத்தார். ஆனால் ‘கிரான்ஃபோர்ட்’ முதல் பகுதியில் ஒரு கேப்டன், டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ படிப்பில் லயித்திருந்து, பிறகு ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் ரயிலில் அடிபட்டுச் சாகிறார். தன் பத்திரிகையில் தன் புத்தகமா என்று டிக்கன்ஸ் அதை நீக்கி வேறொருவர் நூலைச் செருகிவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! கதையைத் திருப்பிக் கேட்டார்; அதற்குள் அச்சாகிவிட்டது. புத்தகமாக வந்தபோது பிக்விக்கைத் திரும்ப வைத்துவிட்டார். ‘நார்த் அண்ட் சவுத்’ தொடர்கதையில் மோதல் முற்றியது. வெட்டிச் சுருக்கு என்று டிக்கன்ஸ். முடியாது என்று இவர். இவர் நினைத்திருந்த தலைப்பு ‘மார்கரெட் ஹேல்’. இப்போதுள்ள தலைப்பு டிக்கன்ஸ் கொடுத்தது. அதில் டிக்கன்ஸ் சரி என்பேன். வெட்ட மறுத்ததில் அம்மா சரி.

‘கிரான்ஃபோர்ட்’ என்பது காஸ்கெல் தன் தாயின் சகோதரியிடம் வளர்ந்த நட்ஸ்ஃபோர்ட் ஊர்தான். சுண்ணாம்புக் குழியில் விழுந்து முடியெல்லாம் உதிர்ந்த பசு ஒன்று அதில் சாம்பல் நிற ஃபிளானல் சட்டை போட்டுக்கொண்டு மேயப் போகும். கற்பனை என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! அந்தப் பசுவை நான் பார்த்திருக்கிறேன் என்று 1865இல் கலை விமர்சகர் ரஸ்கினுக்கு எழுதியிருக்கிறார். லேஸ் துணியை விழுங்கிய பூனையும் நிஜமாம்! மாட்டு விலை தெரிந்த கையால் அல்லாமல் வேறு யாரால் அந்தப் பக்கத்தை எழுத முடியும்?

டிக்கன்ஸ் தன் முதல் இதழில் போட்ட கதைக்கு அனுப்பிய 20 பவுண்டை வில்லியம் நிதானமாகத் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். மனைவியின் சம்பாத்தியம் சட்டப்படி கணவருடையதாக இருந்த காலம். பதினைந்து ஆண்டு கழித்து, அதே மனைவி எழுத்துப் பணத்தாலும் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் தந்த கடனாலும் ஹாம்ப்ஷயரின் ஹோலிபோர்னில் ஒரு வீடே வாங்கினார், கணவருக்குத் தெரியாமல்! அவரை அசத்த வேண்டும் என்று ஆசை. சாமான்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 1865 நவம்பர் 12, ஞாயிறு மாலை, மகள்களோடு தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவிலேயே சாய்ந்தார். வயது 55. கணவர் அந்த வீட்டை அதுவரை பார்க்கவே இல்லை.

கடைசி நாவல் ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’ முடிவதற்குச் சற்று முன் நின்றுபோயிற்று. கதை எங்கே போயிருக்கும் என்று பத்திரிகை ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். அது முடியவில்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். காஸ்கெல் எழுதியதில் அதுதான் ஆகச் சிறந்தது. ஆனால் முதலில் ‘கிரான்ஃபோர்ட்’ படியுங்கள். சின்னப் புத்தகம், ஒரு வாரக்கடைசி போதும்.