சுவரில் மாட்டிய படம் ஏன் நீலமாகிறது?

வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய வண்ணப் படத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வாங்கியபோது பொன்னிறமாக இருந்த சரஸ்வதியின் முகம் சில ஆண்டுகளில் நீலம் பாய்ந்து விடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

முதலில் படம் அச்சாகும் விதத்தை அறிவோம். ஓவியர் இரவிவர்மா (1848–1906) தீட்டிய தைல ஓவியங்கள் ஒரு காலத்தில் அரண்மனைகளிலும் செல்வர் வீடுகளிலும் மட்டுமே இருந்தன. 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம் அவற்றை எளியோர் வீட்டுச் சுவருக்கும் கொண்டு வந்தது. அங்கே பயன்பட்டது கல்லச்சு முறை. 1796-இல் ஜெர்மனியில் செனபெல்டர் கண்டுபிடித்தது அது. எண்ணெயும் நீரும் ஒட்டாது அல்லவா? எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்!

இன்று சிவகாசியில் நடக்கும் ஆப்செட் அச்சுக்கும் இதுவே அடிப்படை. கல்லுக்குப் பதில் உலோகத் தகடு. அச்சான படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பசுநீலம், ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகளே தெரியும். கையால் தீட்டிய ஓவியத்தில் இப்புள்ளிகள் இரா.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் நிறப்பொருளின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. மஞ்சளும் ஊதாச்சிவப்பும் பொதுவாக விரைவில் சிதையும். நீலமும், கரியால் ஆன கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் படம் நீலமாகிறது. பொங்கலூர், திருப்பூர்ப் பகுதி மாணவர்களுக்கு இது புதிதன்று. சாயத் துணியை நிழலில் உலர்த்தச் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே படம் வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெயில் நேரே படாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களை முழுதும் தடுக்காது. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் கோத்துப் படம் ஒட்டிக்கொள்ளும். எனவே இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவரின் ஈரம் ஏறாது, காற்றும் உலவும்.

பின்னட்டையும் முக்கியம். மரக்கூழ் அட்டையில் லிக்னின் என்ற பொருள் உண்டு. பழைய செய்தித்தாள் பழுப்பாவது அதனால்தான். பஞ்சில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை. எனவே அருங்காட்சியகங்களில் பஞ்சுக் கூழால் செய்த அட்டையை விரும்புகிறார்கள். பனியன் வெட்டும்போது விழும் பருத்தித் துண்டுகளிலிருந்தும் இத்தகைய கூழ் எடுக்கலாம்!

ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய நாள்காட்டிப் படம் ஒன்றின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தாளை எடுங்கள். எந்த நிறம் முதலில் மங்கியது என்று குறித்து வையுங்கள்.