கோப்பு மேலாளர்த் தேர்வும் தமிழ் எழுத்து முறையும்

ஆராய்ச்சிக்குக் கருவியாவன நூல்களும் ஏடுகளும் கல்வெட்டுப் படிகளும் மட்டும் அல்ல. அவற்றை வேண்டியபொழுது வேண்டியவாறு எடுத்துத் தரும் அடுக்குமுறையும் ஆராய்ச்சிக் கருவியே ஆகும். முன்னாளில் அவ்வடுக்குமுறை நூலகத்தின் அட்டைப் பெட்டிகளிலும் ஆராய்ச்சியாளரின் குறிப்பேடுகளிலும் அமைந்திருந்தது. இந்நாளில் அது கணிப்பொறியினுள் புகுந்துவிட்டது. பேரூர், அவிநாசி முதலிய ஊர்களின் கோயிற் கல்வெட்டுப் படங்களும், கொங்கு நாட்டுச் செப்புப் பட்டயங்களின் படிகளும், நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவுகளும் இன்று கோப்புக்களாகவே நம் மாணவர் கையில் உள்ளன. ஓர் ஆய்வேட்டிற்கு வேண்டும் கோப்புக்கள் ஆயிரத்தைக் கடத்தல் அரிதன்று.

இக்கோப்புக்களை அடைவுதோறும் காட்டியும், பெயர் மாற்றியும், படியெடுத்தும், தேடியும், வரிசைப்படுத்தியும் தரும் செயலியே கோப்பு மேலாளர் எனப்படும். கணிப்பொறியோடு உடன்வரும் மேலாளரே பலர்க்கும் பழக்கமானது. அதனை விடுத்து வேறொன்றைக் கொள்ளலாமோ, கொள்ளின் எதனைக் கொள்வது என்பது மாணவரிடையே அடிக்கடி எழும் வினா. இதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் விரைவையும் தோற்றத்தையுமே பேசுவர். தமிழாராய்ச்சியாளர்க்கு அவற்றினும் முந்திய அளவுகோல் ஒன்று உண்டு. அம்மேலாளர் தமிழெழுத்தைத் தமிழெழுத்தாக அறிகின்றதா என்பதே அது. இதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1. இருவகை மேலாளர்கள்

கோப்பு மேலாளர்களின் வரலாற்றில் இரு மரபுகள் உள்ளன. ஒன்று இருபலகை மரபு. 1986 இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டர் திரையை இரண்டாகப் பகுத்து, இடப்புறம் ஓர் அடைவையும் வலப்புறம் மற்றோர் அடைவையும் காட்டிற்று. மற்றொன்று, 1995 இல் விண்டோஸோடு வந்த எக்ஸ்ப்ளோரர் பரப்பிய ஒருபலகை மரபு. முன்னைய மரபு அழிந்துவிடவில்லை. விண்டோஸ் கமாண்டர் என்னும் பெயரோடு தோன்றி 2002 இல் பெயர் மாறிய டோட்டல் கமாண்டரும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும் கட்டற்ற மென்பொருளாகிய டபுள் கமாண்டரும் அம்மரபினவே. லினக்ஸிலோ, நாட்டிலஸ் என்னும் மேலாளர் 2012 இல் இருபலகை வசதியைக் கைவிட்டபொழுது, அதனை இழக்க விரும்பாத லினக்ஸ் மின்ட் குழுவினர் நெமோ என்னும் கிளையைத் தோற்றுவித்தனர். டால்பின் என்னும் மேலாளரும் வேண்டுங்கால் சாளரத்தை இரண்டாகப் பகுத்துக் காட்டும்.

இருபலகை நம் பணிக்கு இயல்பாகவே பொருந்துவது. மூல ஏட்டின் படங்கள் ஒருபுறமும் அவற்றின் எழுத்துப்பெயர்ப்புக்கள் மறுபுறமும் நிற்க, எப்படத்திற்கு எழுத்துப்பெயர்ப்பு இல்லை என்பது கண்ட அளவிலே விளங்கும். ஆயினும் இவ்வசதி ஒன்றையே கருதித் தேர்ந்தெடுத்தல் போதாது. ஏன் போதாது என்பதைக் காண்போம்.

2. நெடுங்கணக்கும் குறியெண் வரிசையும்

தொல்காப்பியர் அகரத்தை முதலாகவும் னகரத்தை இறுதியாகவும் வைத்து எழுத்துக்களை முப்பது என வகுத்தார். இன்றும் நம் அகராதிகள் அந்நெடுங்கணக்கையே பின்பற்றுகின்றன. ஒருங்குறியிலோ தமிழெழுத்துக்களின் இருக்கை வேறு. பிற இந்திய மொழிகளோடு ஒத்த அமைப்பு வேண்டி, னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகர ழகரங்கள் லகரத்தின் பின்னும் வைக்கப்பட்டன. வகரம் இவற்றிற்கெல்லாம் பின்னே நிற்கின்றது. புள்ளி என்னும் குறியோ உயிர்மெய்க் குறிகள் யாவற்றிற்கும் பிற்பட்ட எண்ணைப் பெற்றுள்ளது.

ஆகலின், எழுத்தின் குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் மேலாளர் நெடுங்கணக்கைச் சிதைக்கும். கொங்கு நாட்டு ஊர்கள் மூன்றனையே சான்றாகக் கொள்வோம். நம் முறைப்படி பல்லடம், பவானி, பழனி என்பதே வரிசை. ல, வ, ழ என்பது நெடுங்கணக்கு ஆகலின். குறியெண் வரிசையில் பல்லடம், பழனி, பவானி எனப் பிறழும். இனிப் புள்ளியைக் காண்க. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறைப்படி 'பட்டயம்' முன்னும் 'படி' பின்னும் வருதல் வேண்டும். தனிமெய் உயிர்மெய்க்கு முற்பட்டது. குறியெண் வரிசையில் 'படி' முந்திவிடும்.

இக்குறை எழுத்துக் குறியீட்டின் குறையன்று. வரிசைப்படுத்துதற்குரிய விதிகள் ஒருங்குறியில் குறியெண்ணிற்கு வேறாகத் தனியே வகுக்கப்பட்டுள்ளன. அவ்விதிகளைக் கையாளும் மேலாளர் நெடுங்கணக்கைக் காக்கும், கையாளாதது பிறழ்த்தும். மேலும், சில மேலாளர்கள் கணிப்பொறியின் மொழியமைப்பை நோக்கியே வரிசையைத் துணிவன. ஆகவே ஒரு செயலியைப் பழிக்குமுன் மொழியமைப்பு தமிழுக்குரியதாக உள்ளதா எனப் பார்த்தல் முறை.

3. ஒரு சொல், இரு வடிவம்

வரிசை பிறழ்ந்தாலும் கோப்பு கண்ணுக்குப் படும். அதனினும் கொடியது கோப்பு இருந்தும் இல்லாததாகத் தோன்றுவது.

ஒகர ஓகர உயிர்மெய்க்குறிகளை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். 'கோ' என்பதில் ககரத்தையடுத்து ஓகாரக்குறியை ஒரே குறியெண்ணாக வைத்தல் ஒரு வகை. இரட்டைக்கொம்பையும் காலையும் இரு குறியெண்களாகப் பிரித்து வைத்தல் மற்றொரு வகை. இரண்டும் ஒன்றே எனக் கொள்ளவேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. கண்ணுக்கு இரண்டும் வேறுபாடின்றித் தோன்றும். ஆயினும் விண்டோஸிலும் லினக்ஸிலும் பெரிதும் வழங்கும் கோப்புமுறைகள் பெயரை எழுதியவாறே வைத்துக்கொள்கின்றன. இரண்டையும் வேறு பெயர்களாகவே கருதுகின்றன. ஆகலின் ஒரே அடைவில் 'கோவை' என்னும் பெயருடைய கோப்புக்கள் இரண்டு அருகருகே நிற்றல் கூடும்.

நம் நாட்டின் பெயராகிய கொங்கு என்பதும், நம் நகரின் பெயராகிய கோவை என்பதும் இவ்விடர்ப்பாட்டிற்கு உட்பட்ட எழுத்துக்களையே முதலாக உடையன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கோயில், கொடை, பொன், சோழன் எனக் கல்வெட்டாராய்ச்சியில் பயின்று வரும் சொற்களும் அத்தகையனவே. கொங்கு நாட்டுக் கல்வெட்டுக்களில் காணப்படும் 'கோனேரின்மைகொண்டான்' என்னும் விருதுப்பெயரில் இத்தகைய எழுத்து இரண்டு உள்ளமையின், அப்பெயரை நான்கு வகையாகக் குறியெழுதலாம்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகின்றது எனின், மூவழிகளைச் சுட்டலாம். பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கோப்புக்களில் கொம்பும் காலும் சேராது நின்றுவிடுதல் உண்டு. இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியே அழுத்துவோரும் உளர். ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணிப்பொறிகளில் 1998 முதல் வழங்கி, 2017 இல் புதியதொன்றிற்கு இடங்கொடுத்த கோப்புமுறை, கூட்டுக்குறியைத் தானே பிரித்து எழுதி வைத்தது.

இதனால் விளையும் கேடு யாது? பட்டயப் படிகளுள் 'கொங்கு' எனப் பெயரிட்ட பதினைந்து கோப்புக்கள் உள எனக் கொள்வோம். அவற்றுள் ஐந்து பிரிந்த வடிவின. இரு வடிவையும் ஒன்றெனக் கொள்ளாத மேலாளரில் தேடும் மாணவர்க்குப் பத்தே கிட்டும். ஏனைய ஐந்து உள என்பதை அறிவிக்கும் குறிப்பு யாதும் திரையில் இராது. ஆராய்ச்சியில் 'சான்று உண்டு' என்பதினும் 'சான்று இல்லை' என்னும் முடிபே மிகுந்த எச்சரிக்கையோடு கூறற்பாலது. அம்முடிபை ஒரு செயலியின் குருட்டுத் தேடல் வகுத்துவிடின், அது நூலில் ஏறிப் பின்வருவோரையும் மயக்கும்.

கல்வெட்டுத் தொடக்கமாகிய 'ஸ்வஸ்திஸ்ரீ' என்பதிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஸ்ரீ என்னும் எழுத்தினை ஸகரங்கொண்டும் எழுதுவர். 2005 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரங்கொண்டும் எழுதுவர். இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளும் விதியும் இல்லை. இங்கே எத்துணைச் சிறந்த மேலாளரும் உதவாது. குழுவினர் அனைவரும் ஒரு வடிவையே கொள்வதெனத் துணிதல் வேண்டும்.

4. பெயரின் நீளம்

'கோயம்புத்தூர்' என்பது நம் கணக்கில் ஏழெழுத்து. ஒருங்குறியில் பதின்மூன்று குறியெண்கள். லினக்ஸில் அதனை எழுதிவைக்க 39 பைட்டுகள் வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் அங்கே மூன்று பைட்டு ஆகலின். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்புமுறையில் ஒரு பெயர்க்கு 255 பைட்டுகளே எல்லை. எனவே தமிழில் 85 குறியெண்களே அடங்கும். விண்டோஸின் கோப்புமுறையிலோ 255 குறியெண்கள் அடங்கும். ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு, கொடைச்செய்தி யாவும் அடங்க விண்டோஸில் நீண்ட பெயரிட்ட கோப்பு லினக்ஸில் படியாதொழிதல் இதனாலேயே. 2011 இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றுள் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. இரண்டிடையும் கோப்புக்களைப் பரிமாறுதல் நம் மாணவர்க்குப் புதிதன்று என்பதால் இதனைக் கூறினோம்.

5. குறிப்புக்கள் எங்கே வாழ்கின்றன?

சில மேலாளர்கள் கோப்பிற்கு அடையாளச் சொல்லும் குறிப்புரையும் சேர்க்க இடந்தருவன. டால்பின் தரும் அடையாளச் சொற்கள் கோப்பின் பெயரிலோ உள்ளீட்டிலோ அல்லாமல், கோப்புமுறையில் அதனோடு ஒட்டிய தனியிடத்தில் நிற்பன. டோட்டல் கமாண்டர் குறிப்புரைகளை அவ்வடைவிலேயே வேறொரு கோப்பில் எழுதும். பென் டிரைவின் வழியாகப் பிறர்க்குக் கொடுக்கும்பொழுது முன்னையது உதிர்ந்துவிடும். பின்னையது கோப்பை மட்டும் எடுப்பார்க்குக் கிட்டாது. ஏட்டின் செய்தியை ஏட்டில் எழுதாது ஏடு காப்போனின் நினைவில் வைத்தால் என்னாகுமோ அதுவே இங்கும் ஆகும்.

இந்தியக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் கல்வெட்டுக்களை ஆண்டும் எண்ணும் கொண்டு சுட்டுகின்றன. அம்மரபே நமக்கும் வழிகாட்டி. கோப்பின் பெயரில் ஆண்டும் எண்ணும் முன்னிற்க, ஊர்ப்பெயர் பின்வருதல் நன்று. எண்ணை 001, 002 எனச் சுழியிட்டு எழுதின், எம்மேலாளரிலும் பத்தாவது கோப்பு இரண்டாவதற்கு முன் சென்று நில்லாது. விரிவான செய்திகளை ஓர் அட்டவணைக் கோப்பில் தனியே எழுதி, எண்ணால் இணைத்தல் போதும்.

6. தேர்வு முறை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு மேலாளரைக் கொள்ளுமுன் சிறியதொரு சோதனை அடைவு அமைத்தல் வேண்டும் என்பது பெறப்படும். அதனுள் பல்லடம், பவானி, பழனி, பட்டயம், படி என்னும் பெயர்களில் ஐந்து கோப்புக்கள் வைக்க. 'கோவை' என்னும் பெயரைக் கூட்டுக்குறியால் ஒருமுறையும் பிரித்து ஒருமுறையும் எழுதி இரு கோப்புக்கள் வைக்க. வரிசை நெடுங்கணக்கை ஒத்துள்ளதா, 'கோவை' எனத் தேடின் இரண்டும் வருகின்றனவா, பலவற்றை ஒருங்கே பெயர் மாற்றும் வசதி தமிழெழுத்தைச் சிதைக்காது செயற்படுகின்றதா என்னும் மூன்றையும் நோக்குக. பழைய பதிப்புக்களையும் தவிர்த்தல் வேண்டும். டோட்டல் கமாண்டர் ஒருங்குறிப் பெயர்களை முறையாக ஏற்றது 2009 இல் வந்த பதிப்பிலேதான்.

விண்டோஸும் லினக்ஸும் கலந்து வழங்கும் துறைகளில் டபுள் கமாண்டரை முதற்கண் சோதித்தல் தகும் என்பது எம் கருத்து. விலையின்மையும், இரு தளத்திலும் ஒரே முகத்தோடு இயங்குதலும், இருபலகையும், அடைவுகளை ஒப்பிடும் வசதியும், கூட்டாகப் பெயர் மாற்றும் கருவியும் அதற்குக் காரணங்களாம். லினக்ஸ் மட்டும் உடையார்க்கு டால்பினும் நெமோவும் ஏற்றன. சோதனையில் தேறாததனை எத்துணை அழகியதாயினும் விலக்குக. தேடல் மட்டும் தேறாது ஏனைய தேறின், கோப்புக்களின் பெயர்களை எல்லாம் கூட்டுக்குறி வடிவிற்கு ஒருமுறை மாற்றிவிட்டு அதனையே கொள்ளலாம்.

2010 ஆம் ஆண்டு சூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தது. தமிழ் இணைய மாநாடும் உடன் கூடிற்று. மாநாடு தொடங்கிய நாளிட்ட அரசாணையே ஒருங்குறியைத் தமிழக அரசின் எழுத்துத்தரமாக ஏற்றது. அதனோடு ஏற்கப்பட்ட அனைத்தெழுத்துக் குறியீடு ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி தந்து நெடுங்கணக்கைக் காப்பது. ஆயினும் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையின் பொதுவழக்கிலுள்ள மேலாளர்கள் அதனை எழுத்தென அறியா. எனவே ஒருங்குறியில் நின்றே நம் கோப்புக்களை ஒழுங்குசெய்தல் வேண்டும். எழுத்துத்தரத்தை அரசு ஏற்றதனால் மட்டும் அப்பணி முற்றுப்பெறாது. ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் தம் கோப்படைவில் அதனைச் செயற்படுத்துதல் வேண்டும். முதுகலை மாணவர் ஆய்வைத் தொடங்கும் முதற்கிழமையிலேயே இச்சோதனையைச் செய்து, பெயரிடும் விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாராயின், ஆய்வின் இறுதியில் 'இல்லை' என்று கூறவேண்டிய இடத்து அச்சமின்றிக் கூறலாம்.