பங்களா காலி, பாக்கி மட்டும் மீதி
மாஜிக்களை வழிக்குக் கொண்டுவந்த வேட்புமனு

புது தில்லி: குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்தபின் விட்டுச்செல்லும் வாடகை, மின்கட்டண பாக்கியை வசூலிப்பது எந்த வீட்டு உரிமையாளருக்கும் தலைவலிதான். தலைநகரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு உரிமையாளரான மத்திய அரசும் இதற்கு விலக்கல்ல. அதிலும், குடியிருந்தவர் முன்னாள் அமைச்சராகவோ முன்னாள் எம்.பி.யாகவோ இருந்துவிட்டால், நோட்டீஸ் அனுப்பும் அதிகாரியின் பாடு திண்டாட்டம்தான். சட்டமும் நீதிமன்றமும் பல ஆண்டுகள் போராடிய இந்த விவகாரத்தில் ஓரளவு பலன் தந்தது, தேர்தல் ஆணையம் கேட்கத் தொடங்கிய ஒரு சான்றிதழ்.

பாக்கி சேரும் விதம்

மக்களவை உறுப்பினர்களுக்கும் மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் அந்தந்த அவையின் வீட்டுவசதிக் குழு வீடு ஒதுக்குகிறது. அமைச்சர்களின் பங்களாக்கள் எஸ்டேட்ஸ் இயக்குநரகத்தின் பொறுப்பில் உள்ளன. உறுப்பினராக இருக்கும்வரை ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரமும் 4,000 கிலோலிட்டர் தண்ணீரும் இலவசம். அதற்கு மேல் செலவானால் கட்டணம் உண்டு.

பதவி முடிந்தபின் ஒரு மாத காலம் வீட்டில் தங்கலாம். அதன் பிறகு தங்குபவர் சட்டத்தின் பார்வையில் அத்துமீறிக் குடியிருப்பவர். அதுவரை பெயரளவுக்கு இருந்த கட்டணம், சந்தை வாடகையை ஒட்டிய இழப்பீட்டுத் தொகையாக மாறுகிறது. சில மாதங்கள் கடந்தாலே லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். வீட்டுக்கான தொகையைக் கேட்பது ஒரு துறை. மின்சாரம், தண்ணீருக்கு பில் அனுப்புவது புது தில்லி நகராட்சி மன்றம். தொலைபேசிக்கு மற்றொரு நிறுவனம். பதவியில் இருக்கும்வரை சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வழியுண்டு. பதவி போனபின் அந்தப் பிடியும் நழுவிவிடுகிறது.

2019 மே 25-இல் 16-ஆவது மக்களவை கலைக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகியும் 200-க்கும் மேற்பட்ட முன்னாள் எம்.பி.க்கள் வீடுகளைக் காலி செய்யவில்லை என்று அப்போது செய்தி வெளியானது. ஆகஸ்ட் மாதம் கூடிய சி.ஆர். பாட்டீல் தலைமையிலான வீட்டுவசதிக் குழு, ஒரு வாரத்தில் வெளியேற வேண்டும் என்றும், மூன்று நாள்களில் மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புகள் துண்டிக்கப்படும் என்றும் அறிவிக்க நேர்ந்தது.

சட்டம் கையில் இருந்தும்...

அத்துமீறிக் குடியிருப்போரை வெளியேற்ற 1971-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பாக்கியை நிலவரி நிலுவைபோல வசூலிக்க அது வகை செய்கிறது. விசாரணை நடக்கும்போது பாக்கிதாரர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடமிருந்தும் வசூலிக்கலாம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், விளக்கம் கேட்கும் அவகாசத்தை மூன்று வேலை நாள்களாகச் சுருக்கியது. வெளியேற்றும் ஆணையை எதிர்த்து வழக்கு தொடர்ந்தால், வழக்கு நடக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது.

ஆயினும், சட்டத்தைச் செயல்படுத்த வேண்டிய அரசே கடன்பட்டவருக்குக் கை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரகண்ட் சாட்சி. அரசு பங்களாக்களில் தங்கியிருந்த என்.டி. திவாரி, பகத்சிங் கோஷியாரி, பி.சி. கந்தூரி, ரமேஷ் பொக்ரியால், விஜய் பகுகுணா ஆகிய ஐந்து முன்னாள் முதல்வர்கள் மீது டேராடூனைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் பொதுநல வழக்கு தொடுத்தது. அவர்கள் சந்தை வாடகையை ஆறு மாதங்களில் செலுத்த வேண்டும் என 2019 மே 3-இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசோ, வாடகையைக் குறைந்த அரசு விகிதத்தில் கணக்கிட அவசரச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. அது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி 2020 ஜூன் 9-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் எழுந்த நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்று, அங்கே தடை பெறப்பட்டது.

17 ஆண்டு வழக்கு

தில்லி உயர் நீதிமன்றத்தில் 'கிருஷக் பாரத்' என்ற அமைப்பின் மனு 1998-ஆம் ஆண்டில் பதிவானது. தீர்ப்பு வந்தது 2015 ஆகஸ்ட் 7-இல். அதன் தொடர்ச்சியாக 2016 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. கடந்த 10 ஆண்டுகளில் அரசு வீட்டில் குடியிருந்த வேட்பாளர், வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி ஆகிய நான்கிலும் பாக்கி இல்லை என்று பிரமாணப் பத்திரம் அளித்து, உரிய துறைகளின் சான்றிதழையும் இணைக்க வேண்டும் என்பதே அது. அதே ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழகம், கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம், அசாம் ஆகியவற்றின் பேரவைத் தேர்தல்களில் களமிறங்கிய முன்னாள், இந்நாள் உறுப்பினர்களே இதை முதலில் எதிர்கொண்டனர். பின்னர் இந்த விவரம் பிரமாணப் பத்திரத்துக்கான 26-ஆம் படிவத்திலேயே சேர்க்கப்பட்டது.

இந்தச் சான்றிதழின் வலிமை 2024 மக்களவைத் தேர்தலில் தெரிந்தது. மேற்கு வங்கத்தின் வீர்பூம் தொகுதியில் பாஜக சார்பில் நின்ற முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி தேவாசிஷ் தரின் வேட்புமனு, இந்தச் சான்றிதழ் இணைக்கப்படாத காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. கட்சி மாற்று வேட்பாளரை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. சான்றிதழ் தர வேண்டியது அரசுத் துறை. எதிர்க்கட்சி வேட்பாளருக்கு அதைத் தாமதப்படுத்தினால், வசூல் கருவியே அரசியல் ஆயுதமாகிவிடும். விண்ணப்பித்த இத்தனை நாள்களுக்குள் சான்றிதழ் தரப்பட வேண்டும் என்று துறைகளைக் கட்டுப்படுத்தும் காலக்கெடு அவசியமாகிறது.

நழுவுவோர் யார்?

மீண்டும் போட்டியிட விரும்புவோரை மட்டுமே இந்தச் சான்றிதழ் கட்டுப்படுத்தும். அரசியலை விட்டு ஒதுங்கியவர், ஆளுநர் மாளிகைக்குச் சென்றவர், மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றவர் ஆகியோர் வேட்புமனுவே தாக்கல் செய்வதில்லை. அவர்களிடம் பாக்கி இருந்தால், பழைய நோட்டீஸ்தான் கதி.

மேலும், பாக்கி வைத்திருப்பது மட்டுமே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்வதில்லை. பொது நிலுவை வைத்திருப்பதையும் தகுதியிழப்புக்கான காரணமாக்கி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தலாம் என 2017-இல் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு யோசனை கூறியது. அது சட்டமாகவில்லை.

வாடகை பாக்கி வைத்த சாதாரணக் குடும்பத்தின் வீட்டில் ஒரே நாளில் மின் இணைப்பு துண்டிக்கப்படுவதைக் காணும் வாக்காளருக்கு, இந்த வேறுபாடு புரியாமல் போவதில்லை. பதவி இழந்த முதல்வரும் சாதாரணக் குடிமகனே என்று 2018 மே மாதம், உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர்களின் ஆயுட்கால பங்களாச் சலுகையை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அதைப் பாக்கி வசூலுக்கும் பொருத்தும் திருத்தத்தை நிறைவேற்ற வேண்டியது நாடாளுமன்றம். வாக்களிக்க வேண்டியவர்கள், இன்று அதே பங்களாக்களில் குடியிருப்பவர்கள்.