20 மில்லி சீவெர்ட்: எண்ணும் உரிமையும்

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைகள் உருகின. ஏப்ரல் 19 அன்று ஜப்பானியக் கல்வி அமைச்சகம் ஓர் எண்ணை அறிவித்தது: பள்ளி மைதானத்தில் மணிக்கு 3.8 மைக்ரோ சீவெர்ட்டுக்குக் கீழே இருந்தால் குழந்தைகள் வழக்கம்போல் விளையாடலாம்.

இந்த 3.8 எங்கேயிருந்து வந்தது? கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். குழந்தை நாளுக்கு 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் மரவீட்டுக்குள். உள்ளே கதிர்வீச்சு வெளியே இருப்பதில் 40 சதவீதம். ஆக, 24 மணி நேரம் 14.4 ஆகச் சுருங்குகிறது. அதை 3.8ஆலும் 365ஆலும் பெருக்கினால் ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட். முதலில் முடிவானது 20, 3.8 அதிலிருந்து பின்னோக்கிப் பிரித்தெடுத்தது.

சரி, 20? சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் சாதாரண காலத்தில் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு 1. விபத்துக்குப்பின் அசுத்தமான நிலத்தில் வாழ்பவர்களுக்கு 1 முதல் 20 வரை என்கிறது அதன் 2007 பரிந்துரை. அமைச்சகம் உச்சியைப் பிடித்துக்கொண்டது. அணு உலைத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுக்கு 100, அதாவது சராசரியாக வருஷத்துக்கு 20. அவருக்குச் சம்பளம் உண்டு, மார்பில் அளவி உண்டு, மருத்துவப் பரிசோதனை உண்டு. குழந்தைக்கு எண் மட்டும்தான்.

இதற்குக் கீழே ஆபத்தில்லை என்றொரு கோட்டை அந்த ஆணையமே ஏற்பதில்லை. அதன் கணக்குப்படி 20 மில்லி சீவெர்ட் என்பது ஆயிரம் பேரில் கூடுதலாக ஒரு புற்றுநோய்ச் சாவு. 'நியாயமாக முடிந்த அளவு குறைவாக' என்ற அதன் புகழ்பெற்ற கொள்கைக்கு ஒரு வால் உண்டு: 'பொருளாதார, சமூகக் காரணிகளைக் கணக்கில் கொண்டு.' வரம்பு என்பது உடல் போட்ட கோடு அல்ல. எவ்வளவு சாவை எவ்வளவு செலவுக்கு ஈடாக ஏற்பது என்ற பேரம். பேரம் நடந்த இடத்தில் தாய்மார்கள் இல்லை.

அரசு ஆலோசகராக இருந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிஸோ கொசாகோ, குழந்தைகளுக்கு 20 என்பதை ஏற்க முடியாதென்று ஏப்ரல் இறுதியில் கண்ணீரோடு பதவி விலகினார். பெற்றோர்கள் திரண்டார்கள். மே 27இல் பள்ளிக்குள் 1 என்பதே இலக்கு என்று அமைச்சகம் இறங்கிவந்தது.

ஆனால் மக்களை வெளியேற்றுவதற்கும் திரும்ப அழைப்பதற்கும் 20தான் நீடித்தது. இங்கேதான் எண் தன் உண்மையான வேலையைச் செய்கிறது. கோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் 'வெளியேற்றப்பட்டவர்'. இந்தப்பக்கம் இருந்து பிள்ளைகளோடு கிளம்பியவர் 'தாமாகப் போனவர்'. பின்னவருக்குக் கிடைத்த இழப்பீடு சொற்பம். இலவச வீட்டு வசதியும் 2017 மார்ச்சோடு நின்றது. போகச்சொல்லி யார் சொன்னது என்பதுதான் இதன் பொருள்.

செர்னோபிலுக்குப்பின் 1991இல் உக்ரைன் போட்ட சட்டம் வேறு மாதிரி. ஆண்டுக்கு 5க்கு மேல் என்றால் மக்களைக் குடிபெயர்ப்பது அரசின் கடமை. 1க்கு மேல் என்றால் இருப்பதா போவதா என்பது குடியிருப்பவரின் உரிமை. போனால் அரசு உதவ வேண்டும். கஜானா காலியானதால் அது முழுசாக நிறைவேறவில்லை என்பது வேறு விஷயம். உரிமை எழுத்தில் இருந்தது, கேட்க வழி இருந்தது.

எண்ணைக் குறை என்று கேட்பது பாதி வேலைதான். அந்த எண்ணுக்குக் கீழே இருந்து கிளம்புகிறவருக்கு வீடும் பிழைப்பும் உண்டா என்பது மறுபாதி.