பந்தயக் காணொளி விளையாட்டுகளில் காமிராப் பார்வைத் தேர்வு: தொல்காப்பிய இடக்கோட்பாட்டின் வழி ஒரு விளக்கம் (மேலூர்ப் பகுதி மாட்டுவண்டிப் பந்தயத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பந்தயக் காணொளி விளையாட்டுகளில் விளையாடுபவர் தம் வண்டியை எந்த இடத்திலிருந்து காண வேண்டும் என்பதைத் தாமே தேர்ந்துகொள்ள முடிகிறது. இப்பார்வைகளைத் ‘தன்மைப் பார்வை’, ‘படர்க்கைப் பார்வை’ என இரண்டாகப் பகுப்பது வழக்கம். இப்பகுப்பு வண்டி திரையில் தெரிகிறதா என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறது. தொல்காப்பியம் செலவு, வரவு ஆகிய சொற்களுக்கு வகுத்த இட வரையறையைப் பொருத்திப் பார்க்கும்போது வேறொரு பகுப்பு கிடைக்கிறது. அதனை மேலூர்ப் பகுதி மாட்டுவண்டிப் பந்தயத்தின் பார்வை நிலைகளோடு ஒப்பிட்டு விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, காமிராப் பார்வை, தன்மை, முன்னிலை, படர்க்கை, செலவு, வரவு, மாட்டுவண்டிப் பந்தயம், மேலூர்.

முன்னுரை

கதை, நாவல் ஆகியவற்றின் நோக்குநிலை பற்றித் தமிழில் விரிவான ஆய்வுகள் உள்ளன. காணொளி விளையாட்டும் ஒரு நோக்குநிலையின்றி இயங்குவதில்லை. நாவலின் நோக்குநிலையை ஆசிரியர் வகுத்துத் தருகிறார். வாசகர் அதனை ஏற்றுக்கொள்கிறார். பந்தய விளையாட்டிலோ ஒரு பொத்தானை அழுத்தி விளையாடுபவரே நோக்குநிலையை மாற்றிக்கொள்கிறார். அம்மாற்றம் காட்சியோடு நின்றுவிடாது, வண்டியை ஓட்டும் திறனையும் வேகத்தை உணரும் அளவையும் மாற்றுகிறது. எனவே, இத்தேர்வை வெறும் விருப்பமாகக் கருதாமல், எதனை அறிய எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற வினாவாகக் கொள்வது பொருத்தமாகும்.

பார்வை வகைகளும் அவற்றின் வரலாறும்

இன்றைய பந்தய விளையாட்டுகளில் காணப்படும் பார்வைகளை ஐந்தாக வகைப்படுத்தலாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஸ்டியரிங்கும் கண்ணாடிச் சட்டமும் தெரியக் காண்பது முதல் வகை. பானெட்டின் மேலிருந்து காண்பது இரண்டாவது. சாலையை ஒட்டிய பம்பர் உயரத்திலிருந்து காண்பது மூன்றாவது. வண்டியின் பின்னால் சற்று உயரத்தில் தொடர்ந்து வந்து காண்பது நான்காவது. இதனைப் பின்தொடர் பார்வை எனலாம். பாதையோரத்திலோ பாதைக்கு மேலோ ஓரிடத்தில் நிலையாக நின்று காண்பது ஐந்தாவது.

இவற்றுள் காலத்தால் முந்தியது ஐந்தாம் வகையே. அட்டாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட ‘கிரான் டிராக் 10’ விளையாட்டில் பந்தயப் பாதை முழுவதும் மேலிருந்து காணும் படமாகத் திரையில் அசையாது நின்றது. வண்டி மட்டும் அதில் நகர்ந்தது. அதே நிறுவனத்தின் ‘நைட் டிரைவர்’ (1976) ஓட்டுநரின் கண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தது. கருந்திரையில் சாலையோரக் கம்பங்கள் வெண்ணிறப் புள்ளிகளாகத் தோன்றி, பெருகி, இருபுறமும் விலகிச் சென்றன. நாம்கோவின் ‘போல் பொசிஷன்’ (1982) பின்தொடர் பார்வையைப் பரவலாக்கியது. சேகாவின் ‘விர்ச்சுவா ரேசிங்’ (1992) நான்கு பார்வைகளுக்கு நான்கு பொத்தான்களை அமைத்து, ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் உரிமையை விளையாடுபவருக்கு அளித்தது. பார்வைத் தேர்வு விளையாட்டின் ஓர் உறுப்பாக நிலைபெற இது வழிவகுத்தது.

செலவும் வரவும்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்பொருள்களும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தோடும் இயையும் முறை கூறப்படுகிறது. வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன. ‘நான் உங்கள் வீட்டிற்கு வருகிறேன்’, ‘நான் அவர் வீட்டிற்குப் போகிறேன்’ என்னும் இன்றைய வழக்கிலும் இவ்வரையறை உயிரோடு இருக்கிறது. நடப்பவர் ஒருவரே, நடையும் ஒன்றே. இயக்கம் யாரை நோக்கியது என்பதே வினைச்சொல்லை முடிவுசெய்கிறது. ஆகவே, இடம் என்பது பேசுபவர் யார் என்பதோடு இயக்கத்தின் திசையையும் அளக்கும் மையமாகிறது.

இவ்வளவுகோலைப் பந்தயத் திரைக்குப் பொருத்தலாம். ஓட்டுநர் இருக்கைப் பார்வையில் சாலை தன்மையை நோக்கி வருகிறது. பாதையோரப் பார்வையில் சாலை அசைவதில்லை. வண்டி வருகிறது, கடக்கிறது, பின்னர்ச் செல்கிறது. இங்கு மையம் வண்டியை விட்டு நீங்கிப் பார்வையாளரிடம் வந்துவிட்டது. சிக்கல் பின்தொடர் பார்வையிலேயே எழுகிறது. வண்டி முழுவதும் கண்முன் தெரிவதால் இதனைப் படர்க்கை என்பர். ஆனால் இப்பார்வையில் வண்டி வருவதுமில்லை, செல்வதுமில்லை; திரையின் நடுவில் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கைப் பார்வையைப் போலவே சாலைதான் வருகிறது. மோதல் நேர்ந்தால் ‘மோதிவிட்டேன்’ என்று கூறவே வாய்ப்பு மிகுதி. ‘அது மோதிவிட்டது’ என்பது அவ்விடத்தில் இயல்பாக ஒலிப்பதில்லை. ஆதலால் பின்தொடர் பார்வையைப் படர்க்கை என்பதைவிட, ‘தன்னைத் தான் காணும் தன்மை’ எனக் கொள்வதே தகும்.

இது பெயரிடுதல் பற்றிய வாதம் மட்டுமன்று. ‘கிரான் டிராக் 10’ போன்ற நிலைத்த பார்வை விளையாட்டுகளில் வண்டி திரையின் மேல்நோக்கிச் செல்லும்போது அதன் வலப்பக்கமும் விளையாடுபவரின் வலப்பக்கமும் ஒன்றே. வண்டி திரும்பிக் கீழ்நோக்கி வரும்போது வண்டியின் வலம் விளையாடுபவருக்கு இடமாகிவிடுகிறது. கை ஒரு மையத்தையும் கண் வேறொரு மையத்தையும் கொள்ளும் நிலை இது. தொலைவில் நின்று ரேடியோ பொம்மைக் காரை இயக்கும் சிறுவர், கார் தம்மை நோக்கி வருகையில் தடுமாறுவதும் இக்காரணத்தாலேயே. பின்தொடர் பார்வையில் இத்தடுமாற்றம் இல்லை. வண்டி கண்ணுக்குத் தெரிந்தாலும் கையின் மையமும் கண்ணின் மையமும் ஒரே திசையை நோக்குகின்றன. பாதையோரப் பார்வை பெரும்பாலும் ஓட்டத்திற்குப் பயன்படாமல், ஓடி முடித்தபின் மீள்காட்சிக்கு மட்டும் பயன்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

உயரமும் வேகவுணர்வும்

மையம் ஒன்றாயினும் எல்லாத் தன்மைப் பார்வைகளும் ஒரே வேகவுணர்வைத் தருவதில்லை. முன்னேறுபவரின் கண்ணில் தரையின் தோற்றம் விரிந்து ஓடும் முறையை உளவியல் அறிஞர் ஜேம்ஸ் கிப்சன் 1950இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இக்காட்சியோட்டத்தின் விரைவு, வண்டியின் வேகத்தைக் கண்ணின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் அளவோடு தொடர்புடையது.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 27.8 மீட்டர். கண் 0.5 மீட்டர் உயரத்தில் பம்பரில் இருப்பின் நொடிக்கு ஏறத்தாழ 56 கண்ணுயரத் தொலைவு கடக்கப்படுகிறது. ஓட்டுநரின் கண்ணை 1.1 மீட்டர் உயரத்தில் கொண்டால் அது 25. பின்தொடர் காமிராவை 2.5 மீட்டர் உயரத்தில் கொண்டால் 11 மட்டுமே. வேகமானியில் எண் மாறாதபோதும் பம்பர் பார்வை பின்தொடர் பார்வையைக் காட்டிலும் ஐந்து மடங்கு விரைவான காட்சியோட்டத்தைத் தருகிறது.

எனினும் தாழ்ந்த பார்வை மிகுந்த வேகவுணர்வைத் தரும் அளவிற்குக் குறைந்த இட அறிவையே தருகிறது. முன்செல்லும் வண்டி அதற்கு அப்பாலுள்ள வளைவை மறைத்துவிடும். பக்கவாட்டில் எதிராளி எவ்வளவு நெருங்கியுள்ளார் என்பதும் புலப்படாது. உயர்ந்த பார்வை இவற்றைக் காட்டும். வண்டியின் பின்பகுதி சறுக்கத் தொடங்குவதை அதன் உடற்சாய்விலிருந்தே உணர்த்தவும் செய்யும். ஆனால் வளைவின் உட்புற விளிம்பை எந்தக் கணத்தில் தொட வேண்டும் என்ற நுட்பம் அதில் மங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. ஃபார்முலா 1 கார்களில் ஓட்டுநரின் தலைக்குப் பின்மேலே பொருத்தப்படும் ஒளிபரப்புக் காமிராவின் பார்வை, அப்பந்தய விளையாட்டுகளிலும் தேர்வாக இடம்பெறுகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் இடம்பெற்ற ‘எஃப்1 2011’ விளையாட்டில், அவ்வாண்டு முதன்முதலாகப் பந்தயம் நடந்த புத்தா பன்னாட்டுப் பந்தயப் பாதையையும் இவ்வாறு காண முடிந்தது.

திரையளவும் பார்வைப்புலமும்

தேர்வை முடிவுசெய்யும் மற்றொரு காரணி திரையின் அளவு. 60 செ.மீ. அகலமுள்ள கணினித் திரையை 60 செ.மீ. தொலைவிலிருந்து காண்பவரின் கண்ணில் அத்திரை ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தை நிரப்புகிறது. 15 செ.மீ. அகலமுள்ள கைப்பேசியை 35 செ.மீ. தொலைவில் பிடித்துக் காண்பவருக்கு அக்கோணம் 24 பாகை மட்டுமே. இச்சிறு சாளரத்திற்குள் விளையாட்டு 60 பாகைக்கு மேற்பட்ட உலகைச் சுருக்கிக் காட்டும்போது தொலைவுகள் மிகுந்தும் பொருள்கள் சிறுத்தும் தோன்றுகின்றன. அத்திரையில் ஓட்டுநர் இருக்கைப் பார்வையைத் தேர்ந்தால் ஸ்டியரிங்கும் சட்டங்களும் இடத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துவிடும். எனவே, கைப்பேசியில் விளையாடுபவருக்குப் பின்தொடர் பார்வை ஏற்புடையதாவது திரையின் இயல்பால் விளைவது. அதனைத் திறமைக் குறைவின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

மேலூர்ப் பந்தயச் சாலை

மதுரைக்கு வடகிழக்கே, திருச்சிராப்பள்ளிச் சாலையில் அமைந்தது மேலூர். பெரியாற்றுப் பாசனம் பெறும் இச்சமவெளியில் கோயில் திருவிழாக்களையும் பொங்கலையும் ஒட்டி இரட்டை மாட்டுவண்டிப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. மாட்டின் அளவு பற்றிப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு முதலிய பிரிவுகள் தென்மாவட்டங்களில் வழங்குகின்றன. தனியே அமைத்த வட்டப்பாதை இல்லை. ஊர்ச்சாலையே பந்தயப் பாதை. வண்டிகள் குறித்த எல்லைவரை சென்று, திரும்பிப் புறப்பட்ட இடத்தை அடைய வேண்டும். பந்தயத் தொலைவு ‘போக வர’ இத்தனை மைல் என்றே அறிவிக்கப்படுகிறது. செலவும் வரவும் இணைந்த இத்தொடர், எல்லைக்கோட்டில் நிற்கும் ஊராரை மையமாகக் கொண்டு பந்தயம் அளக்கப்படுவதைக் காட்டுகிறது.

இப்பந்தயத்தில் மூன்று பார்வை நிலைகளைக் காணலாம். சாலையோரத்தில் நிற்பவருக்கு வண்டி வருவதும் போவதும் சில நொடிகளே; நடுவழியில் யார் யாரை முந்தினார் என்பதை அவர் அறிய இயலாது. இருசக்கர வாகனங்களில் வண்டிகளைத் தொடர்ந்து சென்று கைப்பேசியில் பதிவுசெய்வோர் இரண்டாம் நிலையினர். இணையத்தில் பரவும் மாட்டுவண்டிப் பந்தயக் காணொளிகளில் இவர்தம் பதிவுகள் மிகுதி. காணொளி விளையாட்டின் பின்தொடர் பார்வையும் இவர்களின் பார்வையும் இயக்கத்தால் ஒத்தவை. ஆயினும் இங்குப் பதிவுசெய்பவரின் கையில் வண்டியின் கட்டுப்பாடு இல்லை. மூன்றாம் நிலை வண்டியில் அமர்ந்த சாரதிக்குரியது.

முன்னிலையாகும் மாடுகள்

சாரதியின் நிலை கார் ஓட்டுநரின் நிலையோடு முற்றும் ஒத்ததன்று. கார் விளையாட்டில் வண்டி விளையாடுபவரின் உடலாகவே ஆகிவிடுகிறது. மாட்டுவண்டியில் சாரதிக்கும் சாலைக்கும் இடையே இரு உயிர்கள் உள்ளன. சாரதி அவற்றை அதட்டியும் விளித்தும் ஓட்டுகிறார். அவை அவருக்கு முன்னிலை. எனவே, இப்பந்தயத்தில் தன்மை மட்டும் தனித்து இயங்குவதில்லை. தன்மையும் முன்னிலையும் இணைந்தே இயங்குகின்றன.

இவ்வேறுபாடு பார்வைத் தேர்வை நேரடியாகப் பாதிக்கும். கார் விளையாட்டில் ஓட்டுநர் இருக்கைப் பார்வையின் முன்பகுதி சாலையை மறைக்கும் தடையாகக் கருதப்படுகிறது. பலர் அதனை நீக்கிய பார்வையையே விரும்புகின்றனர். மாட்டுவண்டிப் பந்தயத்தை விளையாட்டாக்குவோர் அதே முறையில் மாடுகளை நீக்கிச் சாலையை மட்டும் காட்டினால், சாரதி அறிய வேண்டியது அனைத்தும் நீங்கிவிடும். ஒரு மாடு பின்தங்குவதும், தலை ஒருபுறம் திரும்புவதும், இரண்டின் கால்நடை ஒத்துப்போவதும் சாரதிக்குரிய செய்திகள். உயர்ந்த பின்தொடர் பார்வையில் இவை சாரதியின் முதுகால் மறைக்கப்படலாம். ஆதலின் மாடுகளின் திமிலுக்கு மேலாகச் சாலையும், கீழாக மாடுகளின் உடலசைவும் தெரியும் சாரதி இருக்கைப் பார்வையே இவ்வகை விளையாட்டிற்கு முதன்மைப் பார்வையாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. வண்டி திரையில் தெரிவதை மட்டும் கொண்டு பார்வையைத் தன்மை, படர்க்கை எனப் பிரிப்பது போதாது. எது வருகிறது, எது செல்கிறது என்னும் தொல்காப்பிய அளவுகோல் விளையாடுபவரின் மையத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது.

2. அவ்வளவுகோலின்படி பின்தொடர் பார்வை தன்மையின் ஒரு வகையே. மையம் பார்வையாளரிடம் சேரும் பாதையோரப் பார்வையில் மட்டுமே வண்டி முழுமையாகப் படர்க்கையாகிறது.

3. தாழ்ந்த பார்வை வேகத்தையும், உயர்ந்த பார்வை இடத்தையும் அறியத் துணைசெய்கின்றன. திரையின் அளவும் தேர்வை வரையறுக்கிறது.

4. மாடுகள் முன்னிலையாக இயங்கும் பந்தயத்தைக் கார்ப் பந்தயத்தின் காமிரா அமைப்பில் அப்படியே பொருத்துவது அப்பந்தயத்தின் இயல்பை அழிப்பதாகும்.

தமிழ்நிலத்து விளையாட்டுகள் திரைக்குச் செல்லும் காலத்தில், அவற்றிற்கான கலைச்சொற்களை மொழிபெயர்ப்பால் மட்டும் பெற வேண்டியதில்லை. சொல்லதிகாரம் வகுத்த இடக்கோட்பாடு அப்பணிக்கு இன்றும் கருவியாக உதவும் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.